இருபதுக்குப் பத்தொன்பது

ஜனவரி 20, திங்கள்

இந்த நோட்டு என் விருப்பத்தால் தொடங்கப்பட்டதல்ல. ஆணையால் தொடங்கப்பட்டது. இன்று ஒன்றிய வள மையத்தில் ஆசிரியர் மனநலப் பயிற்சி. ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியாளர் பதினொன்றேகாலுக்கு வந்தார். அதுவரை எங்கள் மனநலம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது.

அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். "கண்ண மூடுங்க. மூச்ச உள்ள இழுங்க. கவலை எல்லாத்தையும் வெளிய விடுங்க" என்றார். அறுபது பேர் ஒரே நேரத்தில் கவலையை வெளியே விட்டால் ஒற்றை ஜன்னல் என்ன செய்யும்? அடுத்த மூச்சில் ஆளுக்கு இன்னொருவர் கவலையை உள்ளே இழுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

பள்ளிக்கு ஒருவர் 'நலத் தொடர்பு ஆசிரியர்'. எங்கள் வேலாயுதபேரி அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அந்தப் பதவி எனக்கு. மே 31இல் ஓய்வு பெறப்போகிறவனுக்கு முப்பத்து நான்கு ஆண்டுகளில் கிடைத்த ஒரே பதவி உயர்வு இது. 2009ஆம் ஆண்டு பதவி உயர்வுக்கான முதுநிலைப் பட்டியலில் என் பெயரை 'மாசிலாமனி' என்று அச்சடித்தார்கள். ஒரு சுழி குறைந்தது. அப்படி ஓர் ஆசிரியர் எந்தப் பள்ளியிலும் இல்லாததால் அவருக்குத் தலைமையாசிரியர் பதவி கொடுக்க முடியவில்லை. பதினான்கு மனு போட்டேன். இன்று என்னைவிடப் பதிமூன்று வயது இளைய குணசீலன் தலைமையாசிரியர். நான் இன்னும் ஒன்பது 'பி'க்குச் சமூக அறிவியல்.

நலத் தொடர்பு ஆசிரியர் இருபத்தொரு நாள் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். தினமும் நன்றி சொல்லத் தக்க மூன்று விஷயங்களைக் குறிக்க வேண்டுமாம்.

ஒன்று, பயிற்சி முடிந்தது. மற்ற இரண்டும் அதுவே.

ஜனவரி 21, செவ்வாய்

பக்கத்து வகுப்பு ஒன்பது 'ஏ'. கணக்கு டீச்சர் செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று. இராஜபாளையத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அவர் வகுப்பில் எழும் சத்தத்தை வைத்து இந்த ஊருக்கே மின்சாரம் எடுக்கலாம். நடுவில் இருப்பது செங்கல் சுவர் என்று பொதுப்பணித் துறை நம்புகிறது. நான் இந்தப் பக்கம் 'பிளாசிப் போர்' என்றால் அந்தப் பக்கத்திலிருந்து போர் கேட்கிறது.

இன்றும் எட்டிப் பார்த்துச் சொன்னேன். "டீச்சர், அமைதின்னு ஒண்ணு இருக்கு. எங்க காலத்துல வகுப்புல அது கிடைக்கும்."

"சாரி சார். பாத்துக்கிடுதேன் சார்."

இந்த 'சாரி சார்' ஒரு நாளைக்கு நான்கு முறை வருகிறது. போன வாரம் அறிவியல் ஆய்வகத்தில் அலமாரிக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அமில நெடியாக இருக்கும் என்று திரும்பி வந்துவிட்டேன். ஆய்வகத்தில் அமிலம் தீர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. அது வேறு விஷயம்.

ஒரு ஆசிரியர் விடுப்பு எடுத்தால் பதிலி வகுப்புப் பதிவேட்டில் மற்றவர் பெயரை எழுதுவார்கள். ஓய்வாக இருக்கிற பாடவேளை போய்விடும். இந்த ஆண்டு செண்பகவல்லி ஒன்பது நாள் விடுப்பு. அதில் ஏழு நாள் என் தலையில். நான் கடைசியாக விடுப்பு எடுத்தது மகள் கல்யாணத்துக்கு. அதுவும் அரை நாள்.

ஜனவரி 23, வியாழன்

படிவம் வந்துவிட்டது. 'ஆசிரியர் நலச் சுயமதிப்பீடு.' இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. நன்றாகத் தூங்குகிறீர்களா, பணியிடத்தில் அழுதிருக்கிறீர்களா, பள்ளிக்கு வர விருப்பமாக இருக்கிறதா. மதியம் இரண்டு மணிக்கு வந்தது. நான்கு மணிக்குள் பதினோரு ஆசிரியரும் எழுதித் தர வேண்டும். மன அழுத்தத்தை அளக்கும் முன் அதைத் தயாரித்துக் கொள்கிறார்கள் போலிருக்கிறது.

எல்லோரும் வகுப்பில் இருந்தார்கள். குணசீலன் என்னிடம் கட்டை நீட்டினார்.

"சார், நீங்களே பாத்து முடிச்சிருங்க. பேரு மட்டும் எழுதுனா போதும், கையெழுத்து வேண்டாமாம்."

"சுயமதிப்பீடுன்னு போட்டிருக்கே சார்."

"உங்க சுயம்தான சார்!" என்று சிரித்தார்.

எழுதினேன். எல்லாப் படிவமும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஆளுக்கொரு பேனா எடுத்தேன். ஒருவருக்குத் தூக்கத்தைக் குறைத்தேன், இன்னொருவருக்குப் பசியைக் குறைத்தேன். உடற்கல்வி ஆசிரியருக்கு ஆயாசத்தைக் கூட்டினேன், அவர் உட்கார்ந்தே இருப்பதால். எனக்கு மட்டும் எல்லாமே நலம். முப்பத்தெட்டு நிமிடத்தில் பதினோரு பேரின் மனதையும் முடித்துக் கொடுத்தேன். பயிற்சி பெற்ற ஆலோசகர் எவரும் இந்த வேகத்தில் செய்திருக்க மாட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

படிவங்கள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டன. நன்றிக்குரியது: போய்விட்டன.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பத்து மணிக்கு வீடு. படிவத்தில் இருந்த கேள்விகளை மரகதத்திடம் வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவிக்கு வேடிக்கை பிடிக்காது.

"தூக்கத்துக்கு என்ன போட்டீங்க?"

"நல்லாத் தூங்குறேன்னு."

"பக்கத்துல படுக்குறது நானா, உங்க ஆபீஸா? பால் வண்டி எத்தன மணிக்குப் போவுதுன்னு பால்காரனுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரியுது."

பால் வண்டி மூன்று பத்துக்குப் போகும். இது பொது அறிவு. தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஜூன் முதல் தேதி காலை எட்டரை மணிக்கு எங்கே போவீர்கள் என்றும் கேட்டாள். அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. ஆகவே பதில் சொல்லவில்லை.

ஜனவரி 30, வியாழன்

இன்று அதிசயம். மதியத்துக்குப் பிறகு முதல் பாடவேளை, ஒன்பது 'ஏ'யிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நாற்பது நிமிடமும் இல்லை. சாக்பீஸ் கீறும் ஓசைகூட இல்லை. நான் பிளாசிப் போரை முடித்து, பக்சார் போரையும் முடித்தேன். என் பேச்சுக்குத்தான் ஒருவழியாகப் பலன் கிடைத்திருக்கிறது. கண்டிப்பு என்பது உரிய இடத்தில் உரிய நேரத்தில் கொடுத்தால் வேலை செய்யும். பயிற்சியாளர் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம்.

நன்றிக்குரியது மூன்றும் ஒன்பது 'ஏ'வின் அமைதியே.

ஜனவரி 31, வெள்ளி

ஒன்பது 'ஏ'யைப் பாராட்டலாம் என்று போனேன். செண்பகவல்லி வரவில்லை. "நேத்து மாதிரி எப்பவும் இருக்கணும்" என்றேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

"சார், டீச்சர் திரும்பவே இல்ல சார்."

"என்ன திரும்பல?"

"போர்டப் பாத்து நின்னாங்க சார். சாக்பீஸ் கையில இருந்துச்சு. எழுதவும் இல்ல, திரும்பவும் இல்ல. பெல் அடிச்சும் நின்னாங்க. அப்புறம் நாங்கதான் சார் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனோம்."

"நீங்க எதுக்குச் சத்தம் போடல?"

"பயமா இருந்துச்சு சார்."

கரும்பலகையின் மேல் மூலையில் தேதி மட்டும் எழுதியிருந்தது. 30.01 என்று. அழித்துவிடலாம் என்று டஸ்டரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அடுத்தவர் வகுப்புப் பலகையை அழிப்பது முறையல்ல.

பதிலி வகுப்பு எனக்கு. எட்டாவது முறை.

பிப்ரவரி 3, திங்கள்

எங்கள் பள்ளிக்குச் சான்றிதழ் வந்திருக்கிறது. 'மகிழ்ச்சியான பணியிடம்.' மாவட்டத்தில் நான்காவது இடம். மூன்று பள்ளிகள் எங்களைவிட மகிழ்ச்சியாக இருக்கின்றனவாம். அங்கே தொடர்பு ஆசிரியர் இன்னும் வேகமானவராக இருக்க வேண்டும்.

குணசீலன் எல்லோருக்கும் காராபூந்தியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். "மாசிலாமணி சார் இல்லாம இது நடந்திருக்காது" என்றார். பதினைந்து ஆண்டுகளில் முதல்முறையாக உண்மை பேசினார்.

செண்பகவல்லி பொட்டலத்தைப் பிரிக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டார். குழந்தைக்காக இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

செண்பகவல்லி நாற்பத்தைந்து நாள் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்திருந்தாராம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரின் சான்றோடு, வெள்ளியன்று. எனக்குத் தெரியாது. யாரும் எனக்குச் சொல்வதில்லை. நான் நலத் தொடர்பு ஆசிரியர் மட்டும்தானே. இன்று அது மாவட்ட அலுவலகத்திலிருந்து திரும்பிவிட்டது. 'ஜனவரி 23ஆம் தேதியிட்ட சுயமதிப்பீட்டில் இவ்வாசிரியை பூரண மனநலத்துடன் இருப்பதாகத் தெரிவித்துள்ளார். எட்டு நாட்களில் ஏற்பட்ட மாற்றத்துக்கு விளக்கம் கோரப்படுகிறது.' கூடவே அவருடைய படிவத்தின் நகல்.

இதில் என் தவறு ஒன்றும் இல்லை. படிவம் ஒரு சடங்கு. சடங்கை எவன் ஆதாரமாக எடுத்துக்கொள்வான்? அலுவலகம் எடுத்துக்கொண்டது. அவர்கள் தவறு.

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் ஆசிரியர் அறையில் நானும் செண்பகவல்லியும் மட்டும். அந்த நகலை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் தயிர்ச் சாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குப் பத்தொம்பது போட்டிருக்கீங்க சார்."

பார்த்தேன். தாளின் அடியில், வலது மூலையில், வட்டம் போட்டு: 19/20. அதன் கீழே சூ. மா. என்று என் சுருக்கொப்பம்.

முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கம். முன்னால் ஒரு தாள் வந்தால் கை டிக் போடுகிறது, கூட்டுகிறது, வட்டம் போடுகிறது, ஒப்பம் வைக்கிறது. ஆளுக்கொரு பேனா எடுக்கத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. பதினோரு தாளிலும் மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்தும் அலுவலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அங்கேயும் இருப்பவர்கள் பழைய ஆசிரியர்கள்தானே. மொத்தம் போடாத தாள்தான் அவர்களுக்கு உறுத்தும்.

"பரீட்சையே எழுதாம பத்தொம்பது வாங்குனது நான் மட்டுந்தான் சார்" என்றார். சிரிக்க முயன்றார். "ஒரு மார்க்கு எதுல சார் கொறச்சீங்க?"

அவரே விரல் வைத்து ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தார். பதினோராவது கேள்வியில் நின்றது. 'பணியிடத்தில் மனம் விட்டுப் பேச யாராவது இருக்கிறார்களா?' நான் 'இல்லை' என்று போட்டிருந்தேன்.

"இது மட்டும் சரியாப் போட்டுட்டீங்க" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சாதம் மீந்துவிட்டது. இன்று தயிர் புளிப்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

செண்பகவல்லி வந்தார். வகுப்பெடுத்தார். ஒன்பது 'ஏ' அமைதியாக இருந்தது. வழக்கமான சத்தத்தைவிட இந்த அமைதி அதிக இடைஞ்சலாக இருக்கிறது. மூன்று முறை பாடத்தை நிறுத்திக் காது கொடுத்தேன். சாக்பீஸ் கீறும் ஓசை கேட்ட பிறகே தொடர முடிந்தது. என் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ள உங்கள ஏசுச்சா?"

"இல்ல."

"ஏசியிருக்கலாம். உங்களுக்குச் சௌகரியமா இருந்திருக்கும். திருப்பி ஏசிட்டு நிம்மதியாப் படுத்திருப்பீங்க."

பெண்களுக்கு ஆணை, படிவம், நடைமுறை எதுவும் புரியாது என்று சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 12, புதன்

மாவட்டக் கல்வி அலுவலருக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரைவு மூன்று பக்கம் வந்தது. அதில் இரண்டரைப் பக்கம் 2009ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டியல். கிழித்தேன். இரண்டாவது வரைவில் பட்டியலை ஒரு பத்தியாகக் குறைத்தேன். அதையும் கிழித்தேன். மூன்றாவது இது:

'ஜனவரி 23ஆம் தேதி எம் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பதினோரு படிவங்களையும் நான் ஒருவனே நிரப்பினேன். ஆசிரியர் எவரையும் கேட்கவில்லை. சான்றாக, ஒவ்வொரு தாளின் அடியிலும் என் கையால் போடப்பட்ட மொத்த மதிப்பெண்ணையும் சுருக்கொப்பத்தையும் காணலாம். திருமதி செண்பகவல்லியின் படிவத்தில் உள்ளது அவர் நிலை அல்ல, என் கற்பனை. அவருடைய மருத்துவச் சான்றே உண்மை.'

பள்ளிக் கடிதம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். குணசீலன் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சார், உங்களுக்கு என்ன ஆச்சு? மே முப்பத்தொண்ணு ரிட்டயர்டு. இப்பப் போய் பதினேழு பி வாங்கணுமா?"

பதினேழு பி என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது நிலுவையில் இருந்தால் ஓய்வு நாளில் மாலையும் கிடையாது. சில சமயம் ஓய்வும் கிடையாது.

"சான்றிதழ ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு சார்" என்றார், அழாத குறையாக. "அந்த டீச்சர வேற காரணம் போட்டு விண்ணப்பிக்கச் சொல்லுவோம். இடுப்பு வலி, கழுத்து எலும்பு, ஏதாவது. டாக்டர் நமக்குத் தெரிஞ்சவரு."

"அவங்களுக்கு இடுப்பு வலி இல்ல சார்."

"பேப்பர்ல இருந்தாப் போதும் சார்!"

"பேப்பர்ல போட்டுத்தான் சார் இவ்வளவும்."

அவர் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "என் பேரு அதுல இருக்கா?"

"இல்ல. நிரப்புனது நான்."

இத்தனை ஆண்டு காத்திருந்த வாய்ப்பு. ஒரே வரி போதும், 'தலைமையாசிரியர் சொன்னபடி' என்று. ஏன் எழுதவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் மேலொப்பம் போடவில்லை. யோசிக்க வேண்டுமாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

குணசீலன் இன்னும் யோசிக்கிறார். அவர் யோசித்து முடிக்கும்போது எனக்கு எழுபது வயதாகிவிடும். நேராகத் தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. பி.ஏ., எம்.ஏ., பி.எட். எல்லாம் அஞ்சல் வழி. பாடமும் பையில் வந்தது, பட்டமும் பையில் வந்தது. 'தபால் டிகிரி' என்று பின்னால் பேசுவார்கள். என்னை ஆசிரியனாக்கிய அதே ஜன்னலில் இதையும் கொடுத்தேன்.

இருபத்தொரு நாள் முடிந்துவிட்டது. நாட்குறிப்பை யாரும் கேட்கவில்லை. பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம். மன அழுத்தம் போலிருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

நான் இதுவரை அனுப்பிய பதினைந்து மனுக்களில் ஆறே நாளில் பதில் வந்தது இதற்கு மட்டும்தான்.

என்மீது குறிப்பாணை. 'ஏன் தங்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். பெயர் 'மாசிலாமணி' என்று சுழி குறையாமல் சரியாக அச்சாகியிருக்கிறது. தண்டிக்கும்போது பிழை விடமாட்டார்கள்.

செண்பகவல்லியின் விடுப்பு அனுமதிக்கப்பட்டது. திங்கள் முதல் நாற்பத்தைந்து நாள். மூன்றாவதாக ஒரு கட்டு: புதிய படிவங்கள். 'ஒவ்வொரு ஆசிரியரும் தம் கைப்பட நிரப்பி, கையொப்பமிட்டு, மூடிய உறையில்' அனுப்ப வேண்டும். சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். குணசீலன் நாற்காலி போட்டு ஏறி ஆணியைக் கழற்றினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

செண்பகவல்லி கிளம்பும் முன் ஒன்பது 'ஏ'வின் பாடத் திட்ட நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பதிலி வகுப்புப் பதிவேட்டில் அவருடைய ஒன்பது 'ஏ' பாடவேளைகளில், என் வகுப்போடு மோதாதவற்றில் எல்லாம் என் பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறார்.

"சார், எச்.எம். உங்கள இப்படிப் பழி வாங்குதாரா?"

"நானே எழுதுனது."

"கணக்கு சார் அது."

"தெரியும். நீங்க போர்டப் பாத்து நின்ன அன்னைக்கு நான் பக்சார் போர் வரைக்கும் முடிச்சுட்டேன். எனக்கு நேரம் இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவர் கைப்பையின் பட்டையைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"பிள்ளைங்க சத்தம் போடும் சார்."

"போடட்டும்."

"உங்களுக்குப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். நீங்க பஸ்ஸப் பிடிங்க டீச்சர். நாலே முக்கால் வண்டி போயிரப் போவுது."

பிப்ரவரி 24, திங்கள்

ஒன்பது 'ஏ'யில் பல்லுறுப்புக் கோவை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நானாகவே உட்கார்ந்து படித்தேன். சொல்லித்தர ஆள் இருந்து நான் எதையும் படித்ததில்லை. ஆனாலும் நான்காவது வரியில் குறி மாற்றாமல் போட்டுவிட்டேன். "சார், மைனஸ்!" என்று நாற்பது பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். சுவர் அதிர்ந்தது. பக்கத்து வகுப்புக்காரன் சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். பக்கத்து வகுப்புக்காரன் நான்தான்.

மாலை என் படிவத்தை எடுத்து வைத்தேன். பதினொன்றில் மற்ற பத்தும் மூடிய உறைகளில் வந்துவிட்டன. நன்றாகத் தூங்குகிறீர்களா? இல்லை. ஓய்வுக்குப் பிறகான நாட்களைப் பற்றிப் பயமா? ஆம். சக ஆசிரியரின் துன்பத்தைக் கண்டும் விலகியதுண்டா? இந்தக் கேள்வி போன முறை இருந்ததாக நினைவில்லை. மரகதம் எடுத்துப் பார்த்து, குடியரசு தினத்தன்று நான் வேடிக்கையாகச் சொன்ன கேள்விகளில் இதுவும் இருந்தது என்றாள். ஆம்.

பழக்க தோஷம், கை தானாகக் கூட்டிவிட்டது. வட்டம் போட்டு, ஒப்பமும் வைத்துவிட்டது. இருபதுக்கு ஆறு. தேர்ச்சிக்கு ஏழு வேண்டும். கருணை மதிப்பெண் போடும் வழக்கம் என்னிடம் எப்போதும் கிடையாது.

உறையை ஒட்டினேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கவில்லை.